மழை விட்டும் தூவானம் விடவில்லை: பெருந்தொற்றுக்குப் பிந்தைய நுரையீரல் தொற்றுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவிட்-19 தொடர்பான உலகளாவிய அவசரநிலை முடிந்தது என்று உலக சுகாதார அமைப்பு 2023 மே 5 அன்று அறிவித்தது. இருமலுக்கு அந்த அறிவிப்பு போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. "நெஞ்சுச் சளி போகவே மாட்டேன் என்கிறது", "பிள்ளைக்கு மறுபடியும் நிமோனியா", "இது ஏதாவது புது வைரஸா?" என்று கேட்பவர்கள் குறையவே இல்லை. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் பதில்களையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டும் என்றில்லை, வேண்டிய கேள்விக்கு நேராகப் போகலாம். காசநோய் பற்றிய பதிலை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள்.

பெருந்தொற்றுதான் முடிந்துவிட்டதே, அப்புறம் ஏன் இன்னும் இவ்வளவு இருமல்?

இப்போது இருமுகிறவர்களில் பெரும்பாலோருக்கு வந்திருப்பது புது நோய் இல்லை. ஃப்ளூ, ஆர்.எஸ்.வி. (குழந்தைகளின் மூச்சுக்குழல்களைத் தாக்கும் ஒரு வைரஸ்), நிமோகாக்கஸ், மைக்கோப்ளாஸ்மா (இரண்டும் நிமோனியாவைக் கொண்டுவரும் பாக்டீரியா), கக்குவான் இருமல், காசநோய் என்று எல்லாமே பழைய ஆசாமிகள். கொரோனா வைரஸும் எங்கேயும் போய்விடவில்லை. அதுவும் இப்போது அந்தக் கூட்டத்தில் ஓர் ஆள்.

2020-லும் 2021-லும் ஊரடங்கு, முகக்கவசம், பள்ளி மூடல், பயணத் தடை எல்லாம் சேர்ந்து கொரோனாவின் வேகத்தைக் குறைத்தன. கொரோனாவைவிடச் சோம்பலாகப் பரவும் மற்ற கிருமிகளை அவை கிட்டத்தட்ட முடக்கியே போட்டன. உலகம் முழுக்க ஃப்ளூ ஏறக்குறைய காணாமல் போனது. கதவு திறந்ததும் அவை திரும்பி வந்தன, பழைய கால அட்டவணையை மறந்துவிட்டு. குளிர்காலத்தில் வர வேண்டிய ஆர்.எஸ்.வி., ஆஸ்திரேலியாவில் 2020 இறுதியில் கோடை தொடங்கும்போது வந்தது. அமெரிக்காவிலும் 2021-ல் கோடையிலேயே தலைகாட்டியது. 2022 இறுதியில் வட அரைக்கோளத்தின் பல நாடுகளில் ஆர்.எஸ்.வி., ஃப்ளூ, கோவிட் மூன்றும் ஒரே நேரத்தில் வந்து நின்றன. தனித்தனியாக வந்திருந்தால் ஒவ்வொன்றையும் மருத்துவமனைகள் சமாளித்திருக்கும். மூன்றும் சேர்ந்து வந்ததால் குழந்தைகள் பிரிவுகளில் படுக்கை கிடைக்காமல் போனது.

ஒரே ஒரு கிருமி மட்டும் போனது போனதுதான். ஃப்ளூ வைரஸில் 'பி யாமகாட்டா' என்று ஒரு வகை உண்டு. 2020 மார்ச்சுக்குப் பிறகு அது இயற்கையாகப் பரவுவது உறுதிசெய்யப்படவே இல்லை. நான்கு வகைகளுக்கு எதிராகப் போட்டுவந்த ஃப்ளூ தடுப்பூசியை மூன்று வகைகளுக்கானதாகச் சுருக்கச் சொல்லும் அளவுக்கு அது மறைந்துவிட்டது.

'நோய்ச்சுமை' என்கிறார்களே, அது வெறும் மரணக் கணக்கா?

இல்லை, ஆனால் மரணக் கணக்கிலிருந்து தொடங்குவது வசதி. 2021-ல் மட்டும், கோவிடையும் காசநோயையும் சேர்க்காமல், உலகில் சுமார் 34 கோடி முறை மக்களுக்கு நுரையீரல் தொற்று வந்தது, ஏறத்தாழ 22 லட்சம் பேர் இறந்தார்கள் என்று உலக நோய்ச்சுமை ஆய்வு மதிப்பிட்டது. இறந்தவர்களில் சுமார் 5 லட்சம் பேர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். இது ஃப்ளூவும் ஆர்.எஸ்.வி.யும் அடங்கிக் கிடந்த காலத்துக் கணக்கு என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

சாகாமல் பிழைத்தவர்களின் கணக்கும் சுமைதான். நிமோனியாவுடன் படுக்கையில் கிடந்த நாட்கள், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் இழந்த கூலி, பிள்ளைக்கு விட்டுப்போன பாடம், குணமான பிறகும் மாடிப்படி ஏறும்போது வாங்கும் மூச்சு, இதெல்லாம் அதில் அடங்கும். காசநோயாளிகளின் குடும்பங்களில் ஏறக்குறைய பாதிக்கு, நோயால் வரும் செலவும் வருமான இழப்பும் சேர்ந்து குடும்ப வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டிவிடுகின்றன. சிகிச்சை இலவசமாகக் கிடைக்கும் இடங்களிலும் இதுதான் நிலை. அலைச்சலும் வேலை இழப்பும் இலவசமாக வருவதில்லையே.

முகக்கவசம் போட்டதாலும் வீட்டுக்குள்ளேயே இருந்ததாலும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டதாமே?

அதிகம் பகிரப்பட்ட விளக்கம் இது. பாதி சரி. 'எதிர்ப்புக் கடன்' என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள், அந்தப் பெயர்தான் குழப்பத்துக்குக் காரணம்.

உடம்பின் எதிர்ப்பு ஆற்றல், உடற்பயிற்சி செய்யாவிட்டால் தளர்ந்துபோகும் தசை போன்றது கிடையாது. இரண்டு வருடம் கிருமிகளிடமிருந்து விலகியிருந்ததால் யாருடைய எதிர்ப்பு மண்டலமும் பழுதாகவில்லை. மாறியது தலைக்கணக்கு. ஆர்.எஸ்.வி. இரண்டு வயதுக்குள் கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரு முறையாவது வந்துவிடும். வழக்கமாக ஒரு பருவத்தில் ஒரு வருடத்துக் குழந்தைகளுக்குத்தான் அது முதல் முறையாக வரும். 2020-ல் பிறந்தவர்களுக்கு வரவில்லை, 2021-ல் பிறந்தவர்களில் பலருக்கும் வரவில்லை. பிறகு வந்தபோது இரண்டு மூன்று வருடத்துக் குழந்தைகளை ஒரே மூச்சில் பிடித்தது. தாய்மார்களுக்கும் அந்த இடைவெளியில் அந்த வைரஸ் வராததால், கருவிலிருக்கும்போது குழந்தைக்குப் போய்ச் சேரும் எதிர்ப்புப் புரதங்களும் குறைவாகவே போயிருக்கும்.

அதாவது, எந்தக் குழந்தையும் பலவீனமாகவில்லை. வரிசையில் நிற்கும் குழந்தைகளின் எண்ணிக்கைதான் கூடியது. இதைச் சொன்னால், "அப்படியென்றால் அப்போதே வரவிட்டிருக்கலாமே" என்கிறார்கள். ஆர்.எஸ்.வி. உயிருக்கு ஆபத்தாவது பெரும்பாலும் ஆறு மாதம்கூட ஆகாத கைக்குழந்தைகளுக்கு. மூச்சுக்குழல்கள் கொஞ்சம் விரிந்து, உடம்பு தேறிய வயதில் முதல் தொற்று வருவது லாபம்தான்.

காசநோய்க்கும் பெருந்தொற்றுக்கும் என்ன சம்பந்தம்?

என்னைக் கேட்டால், பெருந்தொற்று விட்டுச்சென்ற மிகப்பெரிய நுரையீரல் சுமை இதுதான். ஆனால் அதிகம் பேசப்படாததும் இதுதான்.

2021-ல் ஒருவர் மூன்று வாரமாக இருமுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் லேசான காய்ச்சல், இரவில் தலையணை நனையும் அளவுக்கு வியர்வை, இடுப்பில் கால்சட்டை தளர்கிறது. பயந்துகொண்டே கொரோனா பரிசோதனைக்குப் போகிறார். 'நெகட்டிவ்' என்று வருகிறது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. யாரும் சளியைச் சோதிக்கவில்லை. அந்த நிம்மதியோடு அவர் இன்னும் நான்கைந்து மாதம் அதே அறையில், அதே பிள்ளைகளுடன், இருமிக்கொண்டே இருக்கிறார்.

இவர் கற்பனை மனிதர், ஆனால் இந்த நிலையில் இருந்தவர்கள் லட்சக்கணக்கில் உண்டு. 2019-ல் உலகில் 71 லட்சம் பேருக்குப் புதிதாகக் காசநோய் கண்டுபிடிக்கப்பட்டது. 2020-ல் அது 58 லட்சமாகச் சரிந்தது. நோய் குறைந்ததால் வந்த சரிவு இல்லை இது. தேடுவது நின்றதால் வந்தது. மருத்துவமனைக்குப் போகவே மக்கள் பயந்தார்கள். காசநோய்ப் பிரிவு ஊழியர்கள் கோவிட் பணிக்கு மாற்றப்பட்டார்கள். சளியில் காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் கருவியில் கொரோனாவையும் சோதிக்க முடியும் என்பதால் அந்தக் கருவிகளுக்கும் இரட்டை வேலை வந்தது. சிகிச்சை இல்லாத ஒரு நுரையீரல் காசநோயாளி, நெருங்கிப் பழகுபவர்களில் 5 முதல் 15 பேர் வரை ஒரு வருடத்தில் தொற்றவைக்கலாம் என்பது நெடுநாள் கணக்கு. விட்டுப்போன 13 லட்சத்தோடு இதைப் பெருக்கிப் பாருங்கள். தொற்றிய எல்லோருக்கும் உடனே நோய் வராது. பலருக்கு வராமலே போகும், சிலருக்கு வருடங்கள் கழித்து வரும். அந்தச் சிலருடைய கணக்கு இன்னும் முடியவில்லை.

பத்தாண்டுகளுக்கும் மேலாகக் குறைந்துவந்த காசநோய் மரணங்கள் 2020-ல் கூடின. 2023-ல் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் 82 லட்சம். உலக சுகாதார அமைப்பு 1995-ல் கணக்கெடுக்கத் தொடங்கியதிலிருந்து அதுவரை இதுதான் அதிகம். இதில் ஒரு பகுதி நல்ல செய்தி, ஏனென்றால் தேடல் மீண்டும் சூடுபிடித்து, முன்பு விட்டுப்போனவர்களும் கணக்கில் வந்தார்கள். ஆனால் அதே வருடம் சுமார் 12.5 லட்சம் பேர் காசநோயால் இறந்தார்கள். ஒரே கிருமியால் அதிகம் பேர் சாகும் நோய் என்ற பட்டம் மூன்று வருடம் கோவிடிடம் இருந்துவிட்டு மறுபடியும் காசநோயிடம் வந்து சேர்ந்தது. ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் காக் இந்தக் கிருமியை உலகுக்கு அறிவித்தது 1882-ல். மருந்தும் இருக்கிறது, வழக்கமாக ஆறு மாதம் சாப்பிட்டால் குணமாகிறது. இருந்தும் இந்த எண்ணிக்கை.

கோவிட் வந்து போன பிறகு நுரையீரல் பழையபடி ஆகிவிடுமா?

லேசாக வந்து போனவர்களில் பெரும்பாலோருக்கு ஆகிவிடும். ஆக்ஸிஜன் தேவைப்பட்டவர்களுக்கும் செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களுக்கும் கதை வேறு. அவர்களில் ஒரு பகுதியினருக்கு நுரையீரலில் தழும்பு விழுந்திருக்கும். சாதாரண எக்ஸ்ரேயில் சில சமயம் தெரியாது, சிடி ஸ்கேனில் தெரியும். காற்றறைகளிலிருந்து ரத்தத்துக்கு ஆக்ஸிஜன் கடந்துபோகும் வேகம் குறைந்திருக்கும். முதல் வருடத்தில் பலருக்கு இது மெல்ல மெல்லத் தேறுகிறது. தேறாமல் நிற்பவர்களுக்கு மூச்சுப் பயிற்சியும் தொடர் கவனிப்பும் வேண்டும்.

கோவிட் வந்தவர்களில் நூற்றுக்கு ஆறு பேருக்கு நீடித்த தொல்லைகள் இருக்கின்றன என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. களைப்பு, மூச்சு வாங்குதல், யோசனை மங்கல் போன்றவை. நூற்றுக்கு ஆறு என்றால் சின்ன எண்ணாகத்தான் தோன்றும். கோவிட் வந்துபோனவர்களின் மொத்த எண்ணிக்கையோடு பெருக்கினால் தோன்றாது.

எந்தச் சளி வந்தாலும் இருமல் மட்டும் வாரக்கணக்கில் நிற்கிறது. ஏன்?

மூச்சுக்குழலின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் இருக்கின்றன. வயல்காற்றில் நாற்று அசைவதுபோல் ஒரே திசையில் அசைந்து, தூசியையும் சளியையும் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருப்பது அவற்றின் வேலை. ஃப்ளூ மாதிரி ஒரு வைரஸ் வந்தால் அந்தச் சுவரே உரிந்துபோகிறது. வைரஸ் ஒரு வாரத்தில் போய்விடும், சுவர் முளைத்து மயிரிழைகள் மறுபடி அசைய வாரங்கள் ஆகும். அதுவரை அந்த வேலையை இருமல் பார்க்கிறது. அடியில் நரம்பு முனைகள் திறந்து கிடப்பதால், குளிர்காற்று பட்டாலும் சிரித்தாலும் இருமல் வரும்.

ஆகவே மூன்று வாரம், சில சமயம் எட்டு வாரம்கூட, குறைந்துகொண்டே போகும் வறட்டு இருமலுக்குப் பயப்பட வேண்டியதில்லை, ஆனாலும் இரண்டு வாரத்தைத் தாண்டினால் சளியைச் சோதித்துவிடுவது நல்லது (கடைசிக் கேள்வியைப் பாருங்கள்). குறைந்துகொண்டே போகிறதா என்பதுதான் இதில் கேள்வி. கூடிக்கொண்டே போனாலும், ரத்தம் கலந்தாலும், எடை இறங்கினாலும் அது வேறு விஷயம்.

வைரஸ் காய்ச்சல் எப்படி நிமோனியாவாக மாறுகிறது?

பல நேரங்களில் மாறுவதில்லை, பின்னாலேயே இன்னொன்று வருகிறது. மேலே சொன்ன உரிந்த சுவர்தான் வாசல். மூக்கிலும் தொண்டையிலும் சும்மா குடியிருந்த நிமோகாக்கஸ் போன்ற பாக்டீரியா, காவல் இல்லாத அந்த வழியாகக் கீழே இறங்கிவிடும். 1918 ஃப்ளூ பெருந்தொற்றில் சுமார் 5 கோடிப் பேர் இறந்திருக்கலாம் என்பார்கள். அப்போது பாதுகாத்து வைக்கப்பட்ட நுரையீரல் மாதிரிகளைப் பிற்காலத்தில் மறுபடி ஆராய்ந்தபோது, பெரும்பாலான மரணங்களில் கடைசி அடியை அடித்தது வைரஸுக்குப் பின்னால் வந்த பாக்டீரிய நிமோனியா என்று தெரிந்தது. அப்போது ஆன்டிபயாடிக் கிடையாது.

இதிலிருந்து வீட்டுக்கு எடுத்துப்போக ஓர் அடையாளம் உண்டு. காய்ச்சல் விட்டு, எழுந்து நடமாடத் தொடங்கி, இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடியும் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் ஏறினால், கூடவே நிறம் மாறிய சளியும் மூச்சை இழுத்தால் விலாவில் குத்தலும் வந்தால், "பழைய காய்ச்சல் முழுசாகப் போகவில்லை" என்று படுத்துக்கொள்ளாதீர்கள். அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

அப்படியானால் முன்கூட்டியே ஆன்டிபயாடிக் போட்டுக்கொள்ளலாமா?

கூடாது. கோவிட் காலத்தில் உலகம் இந்தத் தவறைப் பெரிய அளவில் செய்தது. மருத்துவமனையில் சேர்ந்த கோவிட் நோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்கு ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்டது. பாக்டீரியத் தொற்றும் சேர்ந்திருந்து உண்மையில் அது தேவைப்பட்டவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேர்தான். உலக சுகாதார அமைப்பு 2024-ல் வெளியிட்ட கணக்கு இது. மருந்துக்கு மசியாத பாக்டீரியா 2019-லேயே சுமார் 12.7 லட்சம் மரணங்களுக்கு நேரடிக் காரணமாக இருந்தன. அதில் 4 லட்சத்துக்கும் மேல் நுரையீரல் தொற்றால். அந்தத் தீயில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றினோம்.

தேவைப்படும்போதும் எல்லா மருந்தும் எல்லாவற்றுக்கும் கேட்காது. அமாக்ஸிசிலின் போன்றவை பாக்டீரியாவின் சுவரைக் குலைத்துக் கொல்பவை. மைக்கோப்ளாஸ்மாவுக்குச் சுவரே கிடையாது. இல்லாத சுவரை எப்படி இடிப்பது? அதற்கு அசித்ரோமைசின் வகை வேண்டும், சில நாடுகளில் அதற்கும் அது மசிய மறுக்கிறது. எஞ்சிய மாத்திரையைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பவர்கள் கவனிக்க.

2023 இறுதியில் சீனாவில் குழந்தைகளுக்கு 'மர்ம நிமோனியா' வந்ததே, அது என்ன ஆயிற்று?

மர்மம் ஒன்றும் இல்லை. 2023 நவம்பரில் உலக சுகாதார அமைப்பு விவரம் கேட்டது. மைக்கோப்ளாஸ்மா, ஆர்.எஸ்.வி., அடினோ வைரஸ், ஃப்ளூ என்று தெரிந்த பெயர்களே பதிலில் வந்தன. அதே பருவத்தில் டென்மார்க் போன்ற ஐரோப்பிய நாடுகளிலும் மைக்கோப்ளாஸ்மா கூடியது. மற்ற கிருமிகள் 2021, 2022-லேயே திரும்பிவிட, இது மெதுவாகப் பரவும் கிருமி என்பதால் கடைசியாக வந்து சேர்ந்தது. செய்தியில் மர்மம் என்று போட்டால்தான் படிப்பார்கள், அதற்கு யார் என்ன செய்வது.

குழந்தைக்கு வந்திருப்பது வெறும் சளியா நிமோனியாவா, வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?

மூச்சை எண்ணிப் பாருங்கள். ஸ்டெதாஸ்கோப் வேண்டாம், விநாடி முள் உள்ள கடிகாரமோ அலைபேசியோ போதும்.

குழந்தை அழாமல், பால் குடிக்காமல், அமைதியாக இருக்கும்போது எண்ண வேண்டும். தூங்கும்போது இன்னும் நல்லது. சட்டையை மார்புக்கு மேல் தூக்கிவிட்டு வயிற்றைப் பாருங்கள். வயிறு ஒரு முறை எழும்பித் தாழ்ந்தால் ஒன்று. முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கும் குறுக்குவழி வேண்டாம், ஏனென்றால் கைக்குழந்தை சீராக மூச்சுவிடாது. நாலு மூச்சு வேகமாக விட்டு, கொஞ்சம் நிறுத்தி, மறுபடி தொடங்கும். இரண்டு மாதம் ஆகாத குழந்தைக்கு 60-ம் அதற்கு மேலும், ஒரு வயது ஆகாத குழந்தைக்கு 50-ம் அதற்கு மேலும், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40-ம் அதற்கு மேலும் வந்தால் அது வேக மூச்சு. காய்ச்சலிலும் மூச்சு கொஞ்சம் வேகமாகும் என்பதால், சந்தேகமாக இருந்தால் காய்ச்சல் இறங்கிய பின் மறுபடி எண்ணுங்கள். எண்ணிக்கை அப்போதும் இறங்கவில்லையென்றால் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.

எண்ணும்போதே விலா எலும்புக்குக் கீழே பாருங்கள். மூச்சை இழுக்கும்போது மார்பின் அடிப்பகுதி உள்ளே குழிந்தால் அது ஆபத்து. பால் குடிக்க முடியாமல் திணறுவது, எழுப்பினாலும் எழாத அசதி, உதடு நீலம்பாரிப்பது, வலிப்பு, இதில் எது இருந்தாலும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், கிளம்புங்கள். 2019-ல் நிமோனியாவால் இறந்த ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள் 7.4 லட்சம், அந்த வயதில் நேர்ந்த மொத்த மரணங்களில் 14 சதவீதம். இதில் பல உயிர்கள், நேரத்துக்குப் போயிருந்தால் ஆக்ஸிஜனாலும் சாதாரண ஆன்டிபயாடிக்காலும் பிழைத்திருக்கும்.

வயதானவர்களுக்கும் இதே அறிகுறிகளா?

பல நேரங்களில் இல்லை. எழுபது எண்பது வயதில் நிமோனியா காய்ச்சலே இல்லாமல் வரலாம், இருமலும் பெரிதாக இருக்காது. நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று நாள் கிழமை தெரியாமல் குழம்புவார், சாப்பாட்டை ஒதுக்குவார், காரணமில்லாமல் தடுமாறி விழுவார். 'வயசாகிவிட்டது' என்று விட்டுவிடுவதுதான் வழக்கம். ஒரே நாளில் யாருக்கும் வயசாவதில்லை.

கோவிட் காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டர் அலமாரியில் கிடக்கிறது. இன்னும் பயன்படுமா?

பேட்டரியை மாற்றிவிட்டு எடுத்து வையுங்கள், பயன்படும். விரலில் மாட்டினால் ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவைச் சதவீதத்தில் காட்டும் இந்தக் கருவியின் அடிப்படைத் தத்துவத்தை 1970-களில் கண்டறிந்தவர் ஜப்பானியப் பொறியாளர் டகுவோ அவோயாகி. உலகமே அந்தக் கருவியைத் தேடி அலைந்த 2020 ஏப்ரலில் அவர் காலமானார்.

விரல் சூடாக இருக்க வேண்டும், நகப்பூச்சு கூடாது, கை அசையக் கூடாது. மாட்டியவுடன் வரும் எண்ணை நம்பாமல், அரை நிமிடம் பொறுத்து எண் நிலைத்தபின் பாருங்கள். திரும்பத் திரும்ப 94-க்குக் கீழே காட்டினால் மருத்துவரைக் கேளுங்கள், 90-க்குக் கீழே என்றால் உடனே மருத்துவமனை. நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு மட்டும் அளவு வேறு, அவர்களுடைய மருத்துவர் சொன்னதே கணக்கு. இன்னொன்று: கருத்த தோலில் இந்தக் கருவி சில சமயம் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். 2020-ல் அமெரிக்க மருத்துவமனைத் தரவுகளில் இது பளிச்சென்று வெளிப்பட்டது. ஆகவே எண் நன்றாக இருந்து ஆள் மூச்சுத் திணறினால், ஆளை நம்புங்கள்.

எண் குறைந்தால் அடுத்து ஆக்ஸிஜன் வேண்டும். அங்கேதான் பெரிய பள்ளம். உலகில் சுமார் 500 கோடிப் பேருக்குத் தரமான மருத்துவ ஆக்ஸிஜன் எட்டும் நிலையில் இல்லை என்று 2025-ல் ஒரு சர்வதேச ஆணையம் கணக்கிட்டது. பெருந்தொற்றில் ஆக்ஸிஜன் ஆலைகள் அவசர அவசரமாக நிறுவப்பட்டன. அவற்றைப் பழுதுபார்க்கும் ஆள், மின்சாரம், உதிரிபாகம், இவற்றுக்கு யாரும் நாடா வெட்டி விழா நடத்துவதில்லை. அவை இல்லாவிட்டால் ஆலை வெறும் இரும்பு.

தடுப்பூசி விட்டுப்போனது நுரையீரலை எப்படிப் பாதிக்கும்?

2021-ல் 2.5 கோடிக் குழந்தைகளுக்கு கக்குவான் உள்ளிட்ட முத்தடுப்பு ஊசியின் தவணை ஒன்றாவது விட்டுப்போனது. கக்குவான் இருமலில் நுரையீரல் சம்பந்தம் வெளிப்படை. தட்டம்மையில் பலருக்குத் தோன்றுவதில்லை. தட்டம்மை வந்து இறக்கும் குழந்தைகளில் அதிகம் பேரைக் கொல்வது தோலில் வரும் தடிப்பு இல்லை, நிமோனியா. அதோடு போவதும் இல்லை. உடம்பு முன்பு சேர்த்து வைத்திருந்த எதிர்ப்பு நினைவுகளில் ஒரு பகுதியைத் தட்டம்மை அழித்துவிடுகிறது. எதிர்ப்புப் புரதங்களில் 11 முதல் 73 சதவீதம் வரை துடைக்கப்பட்டதை 2019-ல் ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். ஏற்கெனவே வென்ற கிருமிகளோடு அந்தக் குழந்தை மறுபடி முதலிலிருந்து மோத வேண்டும். முன்பு சொன்ன 'எதிர்ப்புக் கடன்' என்ற பெயர் எதற்காவது பொருந்தும் என்றால் இதற்குத்தான் பொருந்தும்.

நல்ல பக்கமும் உண்டு. அறுபது ஆண்டுகளாகக் கைகூடாத ஆர்.எஸ்.வி. தடுப்பூசி 2023-ல் முதியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வந்தது. கைக்குழந்தைகளுக்குப் பருவத்துக்கு ஒரு முறை போடும் எதிர்ப்புப் புரத ஊசியும் வந்தது. ஆர்.எஸ்.வி. மரணங்களில் மிகப் பெரும்பாலானவை நேரும் ஏழை நாடுகளுக்கு அவை எப்போது போய்ச் சேரும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இரண்டு வாரமாக இருமல். சளிப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எப்படிக் கொடுப்பது?

இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமலுக்குச் சளியைச் சோதிக்கச் சொல்வது நல்ல மருத்துவருக்கு அடையாளம், பயப்படாதீர்கள். தவறாகக் கொடுத்தால் காசநோய் இருந்தும் 'இல்லை' என்று வந்துவிடும் என்பதால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

காலையில் எழுந்ததும் கொடுப்பது உத்தமம், இரவெல்லாம் சேர்ந்த சளி அப்போதுதான் இருக்கும். வாயை வெறும் தண்ணீரால் கொப்பளியுங்கள். மூச்சை ஆழமாக இழுத்து, சில விநாடி அடக்கி, விடுங்கள். இரண்டு முறை இப்படிச் செய்துவிட்டு மூன்றாவது முறை வயிற்றிலிருந்து எக்கி இருமுங்கள். தொண்டையைச் செருமினால் வருவது எச்சில், அதில் பயனில்லை. நெஞ்சிலிருந்து வருவது கெட்டியாக, கொழகொழவென்று இருக்கும், ஒரு தேக்கரண்டி அளவு போதும். வீட்டுக்குள்ளோ கழிவறையிலோ வேண்டாம், திறந்தவெளியில், பக்கத்தில் யாரும் இல்லாத இடத்தில் செய்யுங்கள். டப்பாவின் வெளிப்பக்கம் படாமல் துப்பி, மூடியைத் திருகி, பெயர் எழுதியிருக்கிறதா என்று பார்த்து, அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். சளி வரவே மாட்டேன் என்றால் ஆய்வகத்தில் அப்படியே சொல்லுங்கள். எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டு வருவதைவிட மறுநாள் காலை மறுபடி முயல்வது மேல்.